மேசையின் நான்காவது கால்

அத்தியாயம் 9

ஜூலை முதல் தேதி காலை ஏழு மணிக்கு எங்கள் மூன்று பேரில் யாரும் யாரோடும் பேசவில்லை.

என் மனைவி வெர்னா மகளோடு பேசவில்லை. மகள் ஜொசெட் போனில், "வீடு மாத்தணும், வந்து ஒரு கை குடுங்க" என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். நாங்களும் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்து வடகோடியில் உருளைக்கிழங்கு வயலைப் பக்கத்து வீட்டுக்காரனிடம் ஒப்படைத்துவிட்டு, எல்லை தாண்டி ஏழு மணி நேரம் பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டு முந்தின நாள் சாயங்காலம் கனடாவிலுள்ள மொன்றியல் வந்து சேர்ந்தோம். காலணியைக் கழற்றும்போதுதான் மீதியைச் சொன்னாள். ஒன்பது வருடம் கூட வாழ்ந்த ரெமியும் அவளும் பிரிகிறார்கள். அவன் ஒரு வீட்டுக்கு, அவள் ஒரு வீட்டுக்கு.

ஜொசெட் தாயோடு பேசவில்லை. இந்தச் செய்தியைக் கேட்டதும் வெர்னா கேட்ட முதல் கேள்வி, "அவன் ஒழுங்கா சாப்பிடறானா?" என்பது.

இரண்டு பேருமே என்னோடு பேசவில்லை. காரணம் சொல்லப்படவில்லை. நாற்பத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், காரணம் சொல்லப்படாத கோபத்துக்குத்தான் பெரும்பாலும் நியாயமான காரணம் இருக்கும்.

அன்றைக்கு நாங்கள் மட்டும் வீடு மாறவில்லை. இந்த ஊரில் வாடகை ஒப்பந்தங்கள் எல்லாம் ஒரே நாளில் முடிவதால், ஊரே ஒரே நாளில் வீடு மாறும். ஒரு வருடம் எல்லோரும் ஒரே நிமிடத்தில் ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கியதில் மொன்றியல் தீவு இரண்டு அங்குலம் ஆற்றுக்குள் அமிழ்ந்துவிட்டது. கரையில் அடையாளம் இருக்கிறது. நானே பார்த்தேன்.

ஜொசெட்டும் ரெமியும் பாகப்பிரிவினையை மூன்று வாரம் நடத்தியிருந்தார்கள். ஃப்ரிட்ஜ், அடுப்பு, சோபா, கட்டில், பூனை எல்லாம் ரெமிக்கு. மெத்தையையும் மேசையையும் தவிர ஜொசெட் வேறு எதுவும் கேட்கவில்லை. மெத்தையை அவன் உடனே கொடுத்துவிட்டான். மேசைக்குத்தான் மூன்று வாரம் ஆனது.

சமையலறையில் கிடந்த சாதாரண மேப்பிள் மேசை அது. ஒரு மூலையில் யாரோ சூடான பாத்திரம் வைத்த வட்டக் கறுப்பு.

"எல்லாத்தையும் அவனே எடுத்துக்கட்டும்ப்பா," என்றாள் ஜொசெட். காலையில் அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை. "நர்ஸ் பரீட்சைக்கு மூணு தடவை அதுலதான் உக்காந்து படிச்சேன். ரெண்டு தடவை ஃபெயில் ஆனப்ப அதுல தலைய வெச்சுத்தான் அழுதேன். இந்த ஒன்பது வருஷத்துல எனக்குன்னு நடந்தது எல்லாம் அது மேலதான் நடந்துது. அது இல்லாம நான் இங்கருந்து போனா, வெறுங்கையோட போன மாதிரி. புரியுதா?"

"புரியுது."

"அதை நீயே எறக்கு. வேற யார் கையும் பட வேணாம்."

அந்த நம்பிக்கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியர்க்கிறது.

மேசையை இறக்குவதில் ஒரு சூட்சுமம் இருந்தது. இரண்டாம் மாடியிலிருந்து தெருவுக்கு வரும் வெளிப்புறச் சுழல் படிக்கட்டில் அது நான்கு கால்களோடு திரும்பாது. ஒன்பது வருடத்துக்கு முன்னால், இதே போன்ற ஒரு ஜூலை முதல் தேதியில் அதை மேலே ஏற்றும்போது ரெமி ஒரு காலை அறுத்து எடுத்து, பிறகு போல்ட் வைத்துப் பூட்டியிருந்தான். ஆகவே நான் ஸ்பானரால் நட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். போல்ட் காலிலேயே துருத்திக்கொண்டு நின்றது. முதலில் மூன்று கால் மேசை இறங்கியது, பின்னால் நான்காவது கால் இறங்கியது.

படிக்கட்டின் மூன்றாவது படியில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஜொசெட் காலி செய்யும் வீட்டுக்குக் குடிவருகிறவர். மடியில் கூண்டு, கூண்டுக்குள் இரண்டு கேனரிக் குருவிகள். தெருவில் அவருடைய ஃப்ரிட்ஜ் கயிறு கட்டி நின்றது.

"எத்தனை மணிக்குக் காலி பண்ணுவீங்க?" என்றார்.

"பத்து நிமிஷம்."

"ஏழு மணிக்கும் பத்து நிமிஷம்னுதான் சொன்னீங்க."

மேசையை நடைபாதையில் கவிழ்த்து வைத்தேன். மூன்று கால்களும் வானத்தைப் பார்த்தன. பிறகு வண்டியை எடுத்துவர நடந்தேன். வண்டி நிறுத்தக்கூடாது என்ற ஆரஞ்சு நிறப் பலகை இல்லாத இடம் நான்கு தெரு தள்ளித்தான் கிடைத்திருந்தது. மேசைக்கால் கையிலேயே இருந்தது. ஊன்றி நடக்க வாகாக இருந்ததால் கீழே வைக்கத் தோன்றவில்லை.

வழியில் ஒருவர், "என்ன ஐயா, கையில என்ன?" என்று கேட்டார். கேட்ட மனிதருக்குப் பதில் சொல்லாமல் போகும் வழக்கம் எனக்கு இல்லை. எங்கள் வயலில் விளைந்த ஒரு கிழங்கை எல்லையில் நிறுத்தி, அதற்குத் தனி பாஸ்போர்ட் கேட்ட கதையைச் சொன்னேன். நல்ல மனிதர். போட்டோ ஒட்டினார்களா என்று கேட்டார். அதற்கும் பதில் சொன்னேன்.

திரும்பி வந்தபோது மேசை இல்லை. அந்த இடத்தில் ஒரு தொட்டிச் செடி இருந்தது.

இந்த ஊர் வழக்கம் எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவே முடியாது. வீடு மாறும் நாளில் நடைபாதையில் வைத்தது ஊருக்குச் சொந்தம். வேண்டாததை வைத்துவிட்டுப் போவார்கள், வேண்டியவர் எடுத்துப்போவார்கள். காலையிலிருந்து நானே இரண்டு மேசை விளக்கும் ஒரு இஸ்திரிப் பலகையும் அப்படி எடுத்து வண்டியில் போட்டிருந்தேன். என் பொருளிடம் மட்டும் நடைபாதை மரியாதையாக நடந்துகொள்ளும் என்று எதை வைத்து நம்பினேனோ.

பால்கனியிலிருந்து ஜொசெட் எட்டிப் பார்த்தாள். "அப்பா, மேசை ஏத்தியாச்சா?"

"ஏத்தியாச்சு."

என் வாழ்க்கையில் எத்தனையோ பெரிய பொய்கள் சொல்லியிருக்கிறேன். பனிக்காலத்தில் எங்கள் மாடு ஐஸ்கிரீம் கறந்தது உட்பட. எதற்கும் நாக்கு ஒட்டியதில்லை. இந்த ஒரு வார்த்தைக்கு ஒட்டியது. மேசைக்காலை ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் செருகினேன்.

தெருவை மேலும் கீழும் அலசினேன். ஒவ்வொரு வண்டிக்குள்ளும் தலையை விட்டேன். ஒருவன், "ஏன் பெருசு, ஏறிக்கறியா?" என்றான். மேசைகள் பல பார்த்தேன். எல்லாவற்றுக்கும் நான்கு கால்கள் இருந்தன. அவற்றின் மேல் எனக்கு அநியாயக் கோபம் வந்தது.

பதினொரு மணிக்கு வெர்னா பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வண்டியருகே வந்தாள். அவள் பெட்டிகளை அடுக்கவில்லை, எறிந்துகொண்டிருந்தாள். எதன் மேல் 'உடையும்' என்று எழுதியிருந்ததோ அதை இன்னும் கொஞ்சம் வேகமாக.

"மேசை எங்க?"

"மெத்தைக்கு அடியில."

"மெத்தை தட்டையா கெடக்கு."

"மேசையும் தட்டைதானே."

"மூணு காலு மேல நீட்டிக்கிட்டு நிக்குமே."

கொஞ்சம் யோசித்தேன். "நெரிசலா இருந்துச்சுன்னு முன்னாடியே அனுப்பிட்டேன். ஒரு போர்ச்சுகீஸ்காரன், பெரிய லாரி வெச்சிருக்கான். ராணுவத்துல என்கூட இருந்தவன்."

"நீ எப்ப ராணுவத்துல இருந்த?"

"கொஞ்ச நாள்."

"தட்டைப் பாதம், ஓட முடியாதுன்னு மொத நாளே பஸ் ஏத்தித் திருப்பி அனுப்பினாங்க."

"அந்த பஸ்லதான் அவனும் வந்தான்."

வெர்னா பெட்டியைக் கீழே வைத்தாள். மெதுவாக வைத்தாள். அதுதான் பயமாக இருந்தது. கோபம் முற்றினால் அவள் என்னைக் குடும்பப் பெயரால் கூப்பிடுவாள்.

"டெய்கிள். மேசை எங்க?"

சொன்னேன். நடைபாதை, நான்கு தெரு, கிழங்கு பாஸ்போர்ட், தொட்டிச் செடி.

அவள் கத்தவில்லை. "போ. மேல போய் அவகிட்ட நீயே சொல்லு," என்றாள்.

"புது வீட்டுக்குப் போய்ச் சேந்ததும் சொல்லிடறேன். இப்பவே அவ மொகத்தைப் பாத்தா..."

"இப்ப. இந்த நிமிஷம். அவளுக்கு மிச்சமிருந்ததே அது ஒண்ணுதான். அதையும் தெருவுல விட்டுட்டு, வாய் கூசாம ராணுவத்தைக் கூப்பிடற."

படியேறினேன். கேனரி அம்மாள், "சாமான் எறக்கற மாதிரியே தெரியலையே, ஆள்தான் ஏறி எறங்கறீங்க," என்றார்.

ஜொசெட் காலிச் சமையலறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். மேசை இருந்த இடத்தில் தரையில் நான்கு வெளுத்த வட்டங்கள். நான் வாயைத் திறந்தேன். "ஜொசெட், அந்த மேசை..."

அதற்குள் படிக்கட்டு கிடுகிடுவென்று ஆடியது. ரெமி.

ரெமி ஆறடி நாலு அங்குலம். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. வீட்டுக்குள் வந்த ஈயை அடிக்கமாட்டான், ஜன்னலைத் திறந்து வழி சொல்லுவான். காலையில் முதல் லோடு ஏற்றிப் போனவன், ஃப்ரிட்ஜுக்காகத் திரும்பி வந்திருந்தான். முகம் பீட்ரூட்டாகச் சிவந்திருந்தது. என்னைப் பார்த்தான். ஒன்பது வருடமாக 'மாமனாரே' என்று கூப்பிட்டவன் அன்றைக்குக் கூப்பிடவில்லை.

"மூணு வாரம், ஜொசெட்," என்றான். "அந்த மேசைக்காக மூணு வாரம் என்னை நாய் மாதிரி கத்த வெச்ச. கடைசியில தூக்கி நடைபாதைல கவுத்துப் போட்டிருக்க."

"எந்த மேசைய?"

"இந்த வீட்ல எத்தனை மேசை இருந்துது?"

"அது எங்கப்பா வண்டில இருக்கு."

"அது என் புது வீட்ல இருக்கு. குப்பையோட குப்பையா தெருவுல கெடந்துது, நான்தான் எடுத்துட்டுப் போனேன். யாருக்கும் உதவக் கூடாதுன்னு ஒரு காலையும் கழட்டி எறிஞ்சிருக்க. உனக்கு மேசை வேணும்னு இல்ல. எனக்குக் கெடைக்கக் கூடாது. அவ்வளவுதான?"

ஜொசெட் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். அது வழுக்கி விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"நீ என்னை அப்படித்தான் நெனச்சியா?" என்றாள். "இத்தனை வருஷம் கூட இருந்துட்டு?"

"வேற எப்படி நெனைக்கறது? ரெண்டு பேரும் சேந்து தெருவுலருந்து தூக்கிட்டு வந்த மேசை. அதைத் தெருவுலயே விட்டா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?"

நான் நடுவில் புகுந்தேன். "நான்தான் வெச்சேன். வண்டி எடுக்கப் போறதுக்காகக் கொஞ்ச நேரம் வெச்சேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"மிஸ்டர் டெய்கிள்," என்றான் ரெமி. "உங்க கதைய இன்னொரு நாள் கேக்கறேன்."

"கதை இல்ல. நெஜம்."

"பொண்ணைக் காப்பாத்தணும்னு சொல்றீங்க. புரியுது. ஒன்பது வருஷமா நீங்க சொன்ன எதையும் நான் மறுத்துப் பேசினதில்ல. கரடி உங்க டிராக்டரை ஓட்டுச்சுன்னு சொன்னப்பகூடத் தலையாட்டினேன்."

"ஓட்டல. ஸ்டார்ட் மட்டும்தான் பண்ணுச்சு."

"அப்பா, வாயை மூடு," என்றாள் ஜொசெட்.

எழுபத்து நான்கு வயதில், நான் உண்மை சொல்லி இருவர் நம்பாதது அதுதான் முதல் முறை. அந்த நிலைமை எனக்குப் பழக்கமில்லை. கீழே இறங்கி, சீட்டுக்குப் பின்னாலிருந்து மேசைக்காலை எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க மேலே வந்தேன். வெர்னாவும் பின்னாலேயே வந்தாள்.

"எறிஞ்சிருந்தா இதை நான் ஏன் வெச்சிருக்கேன்?" என்றேன். "ஊன்றிக்கிட்டே நாலு தெரு நடந்தேன். திரும்பி வந்து பூட்டறதுக்குத்தான் வெச்சிருந்தேன்."

ரெமி மேசைக்காலைப் பார்த்தான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவன் அறுத்த கோணல் வெட்டு அதன் தலையில் இருந்தது. அவன் முகத்திலிருந்து சிவப்பு மெல்ல இறங்கியது. நம்பிவிட்டான்.

ஜொசெட்டும் நம்பிவிட்டாள். அங்கேதான் வந்தது வினை.

"ஏத்தியாச்சுன்னு சொன்ன," என்றாள் என்னிடம்.

"சொன்னேன்."

"நான் பால்கனிலருந்து கேட்டேன். நீ என் கண்ணைப் பாத்து ஏத்தியாச்சுன்னு சொன்ன. ரெண்டு மணி நேரமா அது பத்திரமா இருக்குன்னு நெனச்சு இங்க பெருக்கிட்டு இருக்கேன்."

"தேடிக் கண்டுபிடிச்சு வெச்சிடலாம்னு..."

"என் பன்னெண்டு வயசுல பிஸ்கோ செத்துப்போச்சு," என்றாள். பிஸ்கோ எங்கள் நாய். "லாரில அடிபட்டுது. நீ என்ன சொன்ன? எல்லை தாண்டிக் கனடாவுக்குப் போய்ப் பெரிய பண்ணைல வேலைக்குச் சேந்துடுச்சு, சம்பளம் எலும்புன்னு சொன்ன. இருபத்தேழு வயசுல நான் இந்த ஊருக்கு வந்தேன். செத்துப்போச்சுன்னு நல்லாத் தெரியும். ஆனாலும் தெருவுல பழுப்பு நாய் போனா திரும்பிப் பாத்தேன். இன்னும் பாக்கறேன். அதை எனக்குச் செஞ்சது நீதான்."

சம்பளம் எலும்பு என்று சொன்னதை நான் மறந்தே போயிருந்தேன்.

"ரெமி விஷயத்தை ஏன் போன்லயே சொல்லலன்னு அம்மா ராத்திரியெல்லாம் முணுமுணுத்தாங்க. இதுக்குத்தான் சொல்லல. நம்ம வீட்டுல யாரும் கெட்ட செய்திய நேரா கையில குடுத்ததில்ல. எனக்கும் குடுக்கத் தெரியல. போதுமா?"

அவள் குரல் உயரவே இல்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

வெர்னாவுக்கு யார் மேலாவது பாய வேண்டியிருந்தது. ரெமி மேல் பாய்ந்தாள். "நீ என்ன மரம் மாதிரி நிக்கற? யாரு மேசைன்னு தெரியும். யாரு மாடில இருக்கான்னும் தெரியும். மேல ஏறி வந்து ஒரு வார்த்தை கேட்டா உன் கால் தேஞ்சுடுமா?"

"கோபமா இருந்தேன், வெர்னா."

"எல்லாரும்தான் கோபமா இருக்கோம். அதுக்காக யாராவது அடுத்தவங்க சாமானைத் தூக்கிட்டுப் போனோமா?"

கீழே எங்கள் வண்டியில் இரண்டு விளக்கும் ஒரு இஸ்திரிப் பலகையும் இருந்தன. நான் ஜன்னல் வழியாக வேறு பக்கம் பார்த்தேன்.

"ஏன், உன் மேலயும்தான் கோபம்," என்று வெர்னா விடவில்லை. "ஒன்பது வருஷம் என் கையால சாப்பிட்டிருக்க. பிரியறோம்னு நீயாவது எனக்கு ஒரு போன் போட்டியா? மெலிஞ்சு வேற போயிருக்க. பாக்கவே எரிச்சலா இருக்கு."

ரெமி தலையைக் குனிந்துகொண்டான். பிறகு நிமிர்ந்து ஜொசெட்டிடம் மட்டும் பேசினான்.

"தெருவுல இருந்துது, எடுத்தேன். அன்னைக்கு நாமளும் அப்படித்தான் எடுத்தோம். இந்த ஊர் வழக்கப்படி அது இப்ப என்னோடது."

"மூணு கால் மேசைய வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற?"

"தெரியல. வேணும்னா நீ வா. அப்பா வேணாம், அம்மா வேணாம். நீ மட்டும் வந்து கேளு. மூணு வாரமா வக்கீல் மாதிரிதான் பேசின. ஒரு தடவை மனுஷி மாதிரி கேளு."

சொல்லிவிட்டு இறங்கிப் போனான். எதற்காக வந்தானோ அந்த ஃப்ரிட்ஜை மறந்துவிட்டுப் போனான். கேனரி அம்மாள் கீழிருந்து, "அப்ப அவரோட ஃப்ரிட்ஜை யார் எறக்கறது?" என்று கேட்டார்.

ஜொசெட் அசையாமல் நின்றாள். தரையிலிருந்த நான்கு வட்டங்களைப் பார்த்தாள். பிறகு என் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"குடு."

மேசைக்காலைக் கொடுத்தேன்.

"வண்டில கொண்டுபோய் விடறேன்மா."

"நடந்து போறேன்."

"பதினோரு தெரு தள்ளி இருக்கு. வெயில் வேற..."

"அப்பா. நான் திரும்பி வர்ற வரைக்கும் யார்கிட்டயும் எதுவும் சொல்லாத. ஒரு வார்த்தை கூட."

இறங்கினாள். காலையிலிருந்து யாருக்கும் நகராத கேனரி அம்மாள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூண்டோடு எழுந்து வழிவிட்டார். ஃப்ரிட்ஜ்களும் மெத்தைகளும் நிறைந்த தெருவில் ஜொசெட் நடுவாக நடந்தாள். மேசைக்காலை ஊன்றவில்லை. நடுவில் பிடித்துத் தொங்கவிட்டிருந்தாள். ஒரு வண்டிக்காரன் ஹாரன் அடிக்கப் போய், கையை எடுத்துக்கொண்டான்.

பால்கனியில் நானும் வெர்னாவும் நின்றோம்.

"அதைப் பூட்டப் போறாளா, அவன் மண்டைல போடப் போறாளா?" என்றாள் வெர்னா.

வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டை தேடிச் சட்டைப்பையில் கையை விட்டேன். விரலில் ஏதோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்தேன். துருப்பிடித்த நட்டு.

வெர்னா அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அது இல்லாமல் அந்தக் காலைப் பூட்ட முடியாது. மண்டையில் போட மட்டும்தான் முடியும்.

"ஓடு, டெய்கிள்," என்றாள்.

ராணுவமே வேண்டாமென்று திருப்பி அனுப்பிய பாதங்களோடு நான் படிக்கட்டில் ஓடத் தொடங்கினேன்.